திரிகையும் சரித்திரமும்

சரித்திரமென்றால் பட்டாபிஷேகமும் படையெடுப்புமே என்றெண்ணிப் பழகிய நமக்கு, பிரெஞ்சு தேசத்து மார்க் பிளாக் என்னும் பேராசிரியர் வேறொரு வழி காட்டினார். 1886இல் பிறந்த இவர், 1919 முதல் ஸ்ட்ராஸ்பூர்க் சர்வகலாசாலையிலும் 1936 முதல் பாரிஸ் சோர்பானிலும் போதித்தார். இடைக்காலக் குடியானவனின் கலப்பையும் வயல்வரப்பும் திரிகையும் இவருக்குச் சாசனங்களாயின.

1935இல் நீராலையைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். ஆற்றுநீரே ஆலையைச் சுழற்றத் தொடங்கியதும் ஏழையின் கை ஓய்ந்திருக்குமென்று நினைப்போம். நடந்தது வேறு. பிரபுவின் ஆலையிலேயே அரைத்துக் கூலி செலுத்தவேண்டுமென்று வீட்டுத் திரிகைகளைப் பறித்தனர். இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தார், பறித்த கற்களைத் தங்கள் கூடத்துக்குத் தளமாகவே பதித்துக்கொண்டனர். (துறவு பூண்டவர்களன்றோ!) 1381இல் கிளர்ந்தெழுந்த குடிகள் அத்தளத்தைப் பெயர்த்துக் கற்றுண்டுகளைப் பங்கிட்டு எடுத்துச் சென்றனர்.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்தது. யூதர்களைப் பதவி நீக்கும் சட்டமும் பிறந்தது. விலக்குப் பெற்றும், யூதரான பிளாக் சோர்பானுக்குத் திரும்ப வழியில்லை. ஐம்பது வயதைக் கடந்த அவ்வாசிரியர் ரகசிய எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார். 1944 ஜூன் 16இல், லியோன் நகருக்கருகே ஜெர்மானியர் அவரைச் சுட்டுக்கொன்றனர். சரித்திரத்தின் பயன் யாதென ஆராய்ந்து அவர் எழுதிவந்த நூல், முற்றுப்பெறாத நிலையிலேயே 1949இல் அச்சேறியது.