பெயருக்கு முன்னும் பின்னும்

கல்லூரிப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், புதிய மாணவர்கள் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்பது நமது வழக்கமாக இருந்தது. அன்பான விசாரிப்பு என்றே அதனை நினைத்திருந்தோம். ஒருமுறை மாணவர் ஒருவர் தம் ஊரென்று தாலுகாத் தலைநகரின் பெயரைச் சொன்னார். அவ்வூர் நமக்கு நன்கு பழக்கமானது. எனவே எந்தத் தெரு என்று மேலும் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அவரது ஊர் அதுவன்று, அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள ஒரு குடியிருப்பு என்பதும், அதன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் சாதியும் தெரிந்துவிடும் என்பதும் பின்னரே நமக்குப் புரிந்தன. நாம் கேட்டது ஒரு கேள்வி. அவர் காதில் விழுந்தது வேறொரு கேள்வி. சொற்கள் மட்டும் ஒன்றே.

ஒருவரை இன்னாரென்று சுட்டத் தமிழர் கையாண்ட முறைகளை அன்று முதல் சற்றுக் கூர்ந்து கவனித்து வருகிறோம். சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். ஊர், தொழில், தந்தை, பின்பு இயற்பெயர். மனிதன் எங்கிருந்து வருகிறான், என்ன செய்கிறான், யாருக்குப் பிறந்தான் என்ற மூன்றும் அவனுக்கு முன்னே நடந்து வருகின்றன. பெயரே கிடைக்காதவருக்குத் தொகுத்தோர் அவரது பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் சூட்டினர். செம்புலப்பெயல்நீரார் அப்படி வந்தவர். எழுதியதே அடையாளம் ஆவது எழுத்தாளனுக்கு எவ்வளவு பெரிய பேறு!

அகப்பாட்டிலோ நிலைமை நேர்மாறு. அங்கே காதலரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. வெற்பன், ஊரன், சேர்ப்பன் என்று நிலம்தான் தலைவனுக்குப் பெயர் தருகிறது. நெடுநல்வாடையில் வேலின் தலையில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது என்பதனால் அதனைப் புறம் என்று உரையாசிரியர் கொண்டனர். பெயர் வெளிப்படையாக வரவேண்டியதில்லை. ஒரு தழை போதும், கேட்பவர் புரிந்துகொள்வர். தாலுகாத் தலைநகரைச் சொன்ன நம் மாணவருக்கு இது எந்த உரையும் படிக்காமலே தெரிந்திருந்தது.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டொன்று, இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் பெயராகப் பதிவு செய்கிறது. எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, முன்பிருந்தது எந்த ஊர்க் கோயில் என்பதெல்லாம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் கொண்ட ஒரு பங்கு. ஆனால் தந்தை பெயர் நிற்கவேண்டிய இடத்தில் 'நக்கன்' என்ற சொல் நிற்கிறது. அது சிவனைக் குறிக்கும் பெயர் என்பர் ஆய்வாளர். அப்பெண்டுகளின் தாயார் பெயர்களைக் கல்லில் வெட்ட எவருக்கும் தோன்றவில்லை.

பெயருக்குப் பின்னால் ஒட்டிய பட்டங்களின் கதை வேறு. முதலி, பிள்ளை, மூவேந்தவேளான் முதலியவை கல்வெட்டுக் காலத்தில் தலைமையையும் பதவியையும் அரச மதிப்பையும் காட்டியவை. காலப்போக்கில் சில பட்டங்கள் பிறப்பால் வருவனவாகி உறைந்தன. 1871 முதல் ஆங்கில அரசு நடத்திய குடிக்கணக்கு சாதியைக் கட்டம் போட்டு எழுதியபோது அந்த உறைவு இன்னும் இறுகியது. உ.வே. சாமிநாதையர் என்ற பெயரில் பழைய முறையும் புதிய முறையும் ஒருங்கே உள்ளன. உத்தமதானபுரம் ஊர், வேங்கடசுப்பையர் தந்தை, ஐயர் சாதி. நடுவிலுள்ள சாமிநாதன் என்பது கூட அவருக்கு இட்ட பெயரன்று. வேங்கடராமன் என்று பெயரிடப்பட்டு வீட்டில் சாமா என்றழைக்கப்பட்டவர், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் விருப்பத்தால் சாமிநாதன் ஆனார். நான்கு கூறுகளில் எதுவும் அவர் தாமே தேர்ந்ததில்லை.

பட்டம் பெயரோடு நின்றுவிடவில்லை, வினைமுற்று வரை சென்றது. பட்டம் உடையவர் வந்தார், இல்லாதவன் வந்தான். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்லே தவிர, இலக்கண நெறியாகாது என்று தொல்காப்பியர் அன்றே பிரித்துக் காட்டினார். அந்த 'ஆர்' விகுதி இலக்கணத்திலிருந்து வரவில்லை, சமூகத்திலிருந்து வந்தது என்று பொருள். அறுபது வயது உழவுத் தொழிலாளியைப் பத்து வயதுப் பண்ணை வீட்டுப் பிள்ளை ஒருமையில் அழைத்ததைக் கண்ணால் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். நாமும் கண்டிருக்கிறோம். அன்று அது நமக்கு உறுத்தவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் இயற்றியது. தலைவர் உட்படப் பலர் தம் பெயரை வெட்டிக்கொண்டனர். ஈ.வெ.ராமசாமி நாயக்கர் என்ற பெயரிலிருந்து 'நாயக்கர்' அதற்கு முன்பே 'குடி அரசு' இதழில் மறைந்திருந்தது. இரண்டு தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் பெயரின் வால் பெரும்பாலும் உதிர்ந்தது. இந்திய மாநிலங்களில் இதற்கு இணையான மாற்றம் அரிது என்றே நாம் கருதுகிறோம். மிஞ்சியது முன்னெழுத்து. ஊரும் தந்தையும் ஓரிரண்டு எழுத்தாகச் சுருங்கி முன்னே நிற்கின்றன. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு அலுவலர்களுக்குத்தான் இதில் திண்டாட்டம். குடும்பப்பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை நிரப்பிச் சென்ற பிள்ளைகளை அங்கே அப்பா பெயரைச் சொல்லியே எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

பெயரில் இருந்தது போனபின் அது எங்கே போயிற்று? ஊருக்குப் போயிற்று. தெருவுக்குப் போயிற்று. 1970களின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதியை நீக்க அரசு ஆணையிட்டது. 1997இல் மோதல்களுக்குப் பின் மாவட்டங்களும் போக்குவரத்துக் கழகங்களும் தாங்கியிருந்த தலைவர் பெயர்கள் எடுக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கப்படும் என்ற அறிவிப்பு, அதே ஆண்டு அக்டோபரில் குடியிருப்பு, தெருப் பெயர்கள் பற்றி மீண்டும் ஓர் ஆணை. ஒரே வேலையை அரசு அரை நூற்றாண்டாகச் செய்துகொண்டிருக்கிறது.

இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் இ. வேலன்டைன் டேனியல், தமிழருக்கு ஊர் என்பது வரைபடத்துப் புள்ளியன்று, மண்ணும் மனிதனும் தன்மையைப் பரிமாறிக்கொள்ளும் உறவு என்று 1984இல் வெளிவந்த நூலில் விரித்துரைத்தார். கிராமம் என்பது அரசின் சொல். ஊர் என்பது பேசுபவரின் சொல். அழகான விளக்கம்தான். ஆனால் ஊருக்கு வெளியே குடிவைக்கப்பட்டவருக்கு எது ஊர்?

பேச்சிலும் ஒரு மறைவிடம் உண்டு. நாம் என்றால் கேட்பவரும் உள்ளே, நாங்கள் என்றால் அவர் வெளியே. ஆங்கிலத்தில் இல்லாத இந்த வேறுபாட்டைப் பெருமையுடன் வகுப்பில் நடத்துகிறோம். அந்த 'நாம்' வேற்றுமை ஏற்று, "நம்ம ஆளா?" என்று திருமண வீட்டில் தணிந்த குரலில் ஒலிக்கும்போது, மொழியிலேயே மிகவும் அணைத்துக்கொள்ளும் சொல் சாதிச் சான்றிதழ் கேட்கிறது. இக்கட்டுரை நெடுகிலும் 'நாம்' என்று எழுதி வருகையில் அது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. அந்த மாணவர் இதனைப் படித்தால் தம்மை இந்த 'நாம்' என்பதற்குள் சேர்த்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.

ஊரைக் கேட்பதை நாம் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. தந்தை பெயர் தெரியாத அல்லது சொல்ல விரும்பாத பிள்ளைகளும் இருப்பார்களே என்று, வருகைப் பதிவின்போது முன்னெழுத்தையும் விட்டுவிட்டு வெறும் பெயரை மட்டும் அழைத்து வந்தோம். சென்ற பருவத்தில் முதலாண்டு மாணவி ஒருவர் வகுப்பு முடிந்ததும் அருகில் வந்து நின்றார்.

"ஐயா, என் பேரைக் கூப்பிடும்போது இனிஷியலையும் சேத்துக் கூப்பிடுங்க. அது எங்கம்மா பேரு."