டோக்கியோவில் தங்கம், தாயகத்தில் தீ

எல்லவைச் சூழ்ந்த தோட்டப் பாடசாலைகளில் உயரம் பாய்தலுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. இரு மூங்கில் கம்பங்கள், குறுக்கே ஒரு தடி, அப்பால் கொஞ்சம் மணல் இருந்தால் போதும். கோலூன்றிப் பாய்பவனுக்குக் கையில் கோலாவது உண்டு; உயரம் பாய்பவனுக்குத் தன் கால்களே துணை. அந்தத் துணையோடு இலங்கையின் பெயரை ஆசியாவின் உச்சியில் பொறித்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்.

1934 ஆம் ஆண்டு பிறந்த அவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. 1956 இன் இறுதியில் மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், அந்த ஆண்டு ஜூனில், தனிச்சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. தன் மொழிக்கு இடமளிக்க மறுத்த நாட்டின் சின்னத்தை மார்பில் அணிந்தே அவர் அங்கு களமிறங்கினார்.

1958 மே 24 ஆம் திகதி டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப்பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அதுவே. வீழ்ந்தால் தாங்கிக்கொள்ளும் தடித்த மெத்தைகளும், 1968 இல் மெக்சிக்கோவில் பொஸ்பரி உலகறியச் செய்த முதுகுப்புறப் பாய்ச்சலும் வருவதற்கு முந்திய காலம் அது.

அதே நாட்களில் இங்கே நடந்தது என்ன? பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டிருந்தது. மே 22 இல் பொலன்னறுவைப் பகுதியில் மூண்ட வன்முறை நாடெங்கும் பரவியது. 27 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கொழும்பில் உடைமைகளை இழந்த தமிழர்கள் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். 1951 இல் ஏற்கப்பட்ட தேசியக் கொடியில் தமிழரைக் குறிக்கும் செம்மஞ்சள் பட்டை ஒன்று உண்டு. டோக்கியோவில் அந்தக் கொடிக்குப் பெருமை தேடித் தந்தவரின் மக்களுக்கு இங்கே அந்தக் கொடி நிழல் தரவில்லை.

ஊவாத் தோட்டங்களில் வாழ்ந்த எம்மவர் நிலை இன்னும் கீழானது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கிவிட்டிருந்தது. பெருமைகொள்ளலாம் என்றால், எந்த நாட்டின் வெற்றி என்று சொல்லிப் பெருமைகொள்வது?

எதிர்வீரசிங்கம் ஒதுங்கிவிடவில்லை. 1962 இல் ஜகார்த்தாவில் மீண்டும் இலங்கைக்காகப் பாய்ந்து வெள்ளிப்பதக்கம் பெற்றார். அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுக் கலாநிதியானார். ஆபிரிக்காவில் கல்விப் பணி புரிந்தார். பிற்காலத்தில் வடக்கு கிழக்கின் கல்விக்கும் விளையாட்டுக்கும் உழைத்தார்.

விளையாட்டு ஏடுகளில் அவரது வெற்றி ஒரே வரி: 1958, டோக்கியோ, இலங்கை, தங்கம். அந்த வரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அது எந்த மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் தாண்டியது 2.03 மீற்றர் மட்டுமல்ல என்பது அவர்களுக்கு விளங்கும்.