பல்லு முளைக்கிற குழந்தைக்குக் கொடுத்த பொடி

1. குழந்தைக்குப் பல்லு முளைக்குது. ராத்திரி பூரா அழுகை, எச்சில் ஒழுகுது, வயிறும் சரியில்ல. கடையில ஒரு சின்னப் பொட்டலம் வாங்கி, அந்தப் பொடியைக் கொடுத்தா அடங்கிடும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா வீடுகளில் இது சாதாரண வழக்கம். அந்தப் பொட்டலத்தின் வரலாறுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2. பொடியில் இருந்த முக்கியமான சரக்கு கலோமெல். அதாவது மெர்குரஸ் குளோரைடு என்ற பாதரச உப்பு. வெள்ளை நிறம், மணமும் இல்லை, ருசியும் இல்லை. குழந்தை துப்பாது. பேதி மருந்தாக டாக்டர்களே அதைப் பல காலம் எழுதிக் கொடுத்தார்கள்.

3. பல்லு முளைக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு பயம்? இங்கிலாந்தின் இறப்புப் பதிவேடுகளில் ஒரு காலத்தில் "பல் முளைத்தல்" என்பதே சாவுக்குக் காரணமாக எழுதப்பட்டது. உண்மையில் அந்த வயசுக் குழந்தைகள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று தொற்றுகளில் இறந்தார்கள். பழி பல்லு மேல விழுந்தது. ஆக, பிள்ளையைக் காப்பாத்தத்தான் அம்மாக்கள் அந்தப் பொடியைக் கொடுத்தாங்க.

4. இதே காலத்தில் ஒரு விசித்திரமான நோய் மருத்துவ ஏடுகளில் வர ஆரம்பித்தது. 1903ல் ஜெர்மனியில் செல்ட்டர் எழுதினார். 1914ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த ஸ்விஃப்ட் விவரித்தார். "பிங்க் டிசீஸ்" என்று பெயர் நிலைத்தது. மருத்துவப் பெயர் அக்ரோடினியா.

5. கையும் காலும் ரோஜா நிறத்தில் வீங்கி, தோல் உரியும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் குழந்தை முகத்தைப் புதைத்துக்கொள்ளும். வியர்வை கொட்டும், ரத்த அழுத்தம் ஏறும், தசைகள் துவண்டு போகும். சில குழந்தைகள் தன் முடியைத் தானே பிடுங்கும். பல் விழும். யார் தூக்கினாலும் சமாதானம் ஆகாது. இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும் 1939 முதல் 1948 வரை 585 குழந்தைகள் இதனால் இறந்ததாகப் பதிவு.

6. காரணம் என்ன? கிருமி என்றார்கள் சிலர். சத்துக் குறைபாடு என்றார்கள் சிலர். பொடி மேல ஏன் சந்தேகம் வரல? ஏன்னா எல்லார் வீட்டுப் பிள்ளையும் அதைச் சாப்பிட்டது. பாதரசத்துக்கு ஆளான சுமார் 500 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் நோய் வந்தது என்பது பின்னால் சொல்லப்பட்ட மதிப்பீடு. "பொடி விஷம்னா மத்த பிள்ளைங்க எப்படி நல்லா இருக்கு?" கேட்க நியாயமாத்தான் இருக்கும்!

7. 1945. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜோசஃப் வார்க்கனி என்ற குழந்தை மருத்துவர், இந்த நோய் வந்த ஒரு குழந்தையின் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். வேதியியலாளர் டொனால்ட் ஹப்பார்ட் அதில் பாதரசத்தைக் கண்டுபிடித்தார். அடுத்தடுத்து வந்த குழந்தைகளில் பெரும்பாலோரிடமும் அதுவே. பல் பொடி மட்டுமில்ல. பூச்சி மருந்து, தோல் களிம்பு, துணி அலசும் மருந்து என்று பாதரசம் பல வழியில் உள்ளே போயிருந்தது.

8. 1948ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. உடனே எல்லாரும் ஏத்துக்கிட்டாங்களா? இல்லை. பழைய 500க்கு 1 கேள்வியே மறுபடி வந்தது. ஆனாலும் பேச்சு பரவி, கெட்ட பெயர் வரவும், 1954 வாக்கில் பிரிட்டிஷ் நிறுவனங்கள் பாதரசத்தைப் பொடியிலிருந்து எடுத்தன. சில வருஷங்களில் நோய் கிட்டத்தட்ட காணாமல் போனது. தடுப்பூசியும் இல்லை, புது மருந்தும் இல்லை. கொடுக்கிறதை நிறுத்தினாங்க. அவ்வளவுதான்.

9. 1980ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் அது திரும்பி வந்தது. குழந்தைகளின் துணி நாப்கின்களைத் துவைத்துத் தரும் ஒரு சலவை நிலையம், பூஞ்சை வராமலிருக்க ஃபீனைல் மெர்குரி பயன்படுத்தியது. ஆயிரக்கணக்கான குழந்தைகளின் தோல் வழியே பாதரசம் ஏறியது. அதிலும் சில குழந்தைகளுக்குத்தான் நோய்.

10. 2010ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா, வர்ஜீனியாவில் முகம் வெளுக்கும் க்ரீம் பயன்படுத்திய குடும்பங்களைப் பரிசோதித்தார்கள். க்ரீமே போடாத குழந்தைகள் உடம்பிலும் பாதரசம் கூடியிருந்தது. கை, துண்டு, தலையணை வழியாக வீடு முழுக்கப் பரவும்.

11. அதனால பெற்றோரே, தயாரிப்பாளர் பெயர், முகவரி, சேர்மானப் பட்டியல் இல்லாத வெளுப்பு க்ரீம் எதுவும் வீட்டில் வேண்டாம். பட்டியலில் மெர்குரி, மெர்குரிக், கலோமெல் என்ற சொல் எது இருந்தாலும் வேண்டாம். ஏற்கனவே பயன்படுத்தியிருந்தால் நிறுத்திட்டு, டப்பாவோட டாக்டரைப் பாருங்க. சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பாதரசத்தை வெளியேற்றும் மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீங்க.

12. "எங்க வீட்ல எல்லாரும் போடுறோம், யாருக்கும் ஒண்ணும் ஆகலையே டாக்டர்?" கிளினிக்ல அடிக்கடி கேக்கிற கேள்வி. 1930களில் லண்டனில் கேட்டிருந்தால் 499 வீடுகள் இதையேதான் சொல்லியிருக்கும். அவங்க சொன்னதும் உண்மைதான். மிச்சமிருந்த அந்த ஒரு வீடு யாருடையது என்று அப்போதும் முன்கூட்டியே தெரியாது, இப்போதும் தெரியாது.