பிள்ளைகளின் நீதிமன்றம்

எபிரேய மொழியிலே தானத்தைக் குறிக்கும் 'செதாக்கா' என்ற சொல்லும், நீதியைக் குறிக்கும் 'செதெக்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இல்லாதவனுக்குக் கொடுப்பதை யூத மரபு கடமையாகவே கருதுகிறது. இம்மரபைப் பிள்ளைகளுக்குப் போதித்தவர்கள் பலர். நீதி வழங்கும் அதிகாரத்தையே பிள்ளைகளின் கையில் ஒப்படைத்தவர் யானுஷ் கோர்ச்சாக்.

இது அவரது புனைபெயர். இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஸ்மிட். குழந்தை வைத்தியராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய இவர், 1912 இல் வார்சோ நகரின் குரோக்மல்னா வீதியில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமொன்றின் பொறுப்பை ஏற்றார். ஸ்தெபானியா வில்சின்ஸ்கா என்ற ஆசிரியை அவருக்குத் துணை நின்றார்.

அங்கே ஒரு நீதிமன்றம் இயங்கியது. அந்த வாரத்தில் வழக்கெதிலும் சிக்காத பிள்ளைகளுள் ஐவர் திருவுளச்சீட்டு மூலம் நீதிபதிகளாயினர். சட்டக்கோவையைக் கோர்ச்சாக்கே எழுதினார். அதன் முதல் 99 பிரிவுகளும் வழக்கைக் கைவிடுவதற்கோ மன்னிப்பதற்கோ உரியவை! நூறாம் பிரிவிலிருந்தே குற்றம் நிலைநாட்டப்படுகிறது. அதன்பின் எண்கள் நூறு நூறாகத் தாவுகின்றன. 500 என்றால் தீர்ப்பு இல்லத்தின் பத்திரிகையில் பெயருடன் வெளியாகும். 1000 என்றால் வெளியேற்றம். அப்போதும், மூன்று மாதங்களின் பின் மீண்டும் விண்ணப்பிக்க உரிமையுண்டு. அடியும் பிரம்பும் இக்கோவையில் இல்லை. பிரம்பின் கீழ் படித்த எங்கள் தலைமுறைக்கு இது வியப்பாகவே இருக்கும்.

பெரியவர்கள் மீதும் வழக்குத் தொடரலாம். ஆறு மாதங்களில் ஐந்து தடவை தாமே நீதிமன்றின் முன் நின்றதாகக் கோர்ச்சாக் எழுதியிருக்கிறார். ஒரு சிறுவனின் காதில் அறைந்தமை அவற்றுள் ஒன்று. ஒரு சிறுமியைத் திருட்டுச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியமை இன்னொன்று.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் என்னைக் கவர்ந்த செய்தி வேறு. 1926 இல் போலிஷ் மொழி யூத நாளிதழொன்றின் வெள்ளிக்கிழமை இணைப்பாகச் சிறுவர் வார இதழொன்றை அவர் தொடங்கினார். எழுதியவர்களும் பிள்ளைகளே. அதன் இறுதி இதழ் 1939 செப்டெம்பர் 1 ஆம் திகதி வெளிவந்தது. ஜேர்மனி போலந்துக்குள் நுழைந்த தினம் அது.

1940 இல் இல்லம் கெட்டோவின் மதிலுக்குள் தள்ளப்பட்டது. 1942 யூலை 18 ஆம் திகதி பிள்ளைகள் தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தை அங்கே அரங்கேற்றினர். அறைக்குள் அடைபட்ட நோயாளிச் சிறுவனின் கதை அது. நான்கு நாட்களில் நாடுகடத்தல் ஆரம்பமானது. ஓகஸ்ட் முற்பகுதியில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளும் திரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தப்பிச்செல்லும் வாய்ப்புகளை ஏற்க மறுத்த கோர்ச்சாக், அவர்களுடனேயே சென்றார்.

வில்சின்ஸ்காவும் சென்றார். பாலஸ்தீனத்தின் கூட்டுப்பண்ணை ஒன்றில் பாதுகாப்பாக இருந்த அவர், 1939 இல் போர் மூளுவதற்குச் சில மாதங்கள் முன்னர் வார்சோவுக்குத் திரும்பி வந்தவர். வைத்தியருக்குச் சிலைகள் பல எழுந்தன. இல்லத்தை அன்றாடம் நடத்திய அந்த ஆசிரியையின் பெயரோ பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு வரியுடன் முடிந்துவிடுகிறது.