ஸ்க்ரூ முடுக்கும்போது கைக்குள்ள என்ன நடக்குது?

புதுச்சேரி சாரத்தில் ஒரு டூவீலர் மெக்கானிக் ஸ்க்ரூ முடுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு சுழல்வது போலத்தான் தெரியும். உண்மையில் திரும்புவது முழங்கைக்குக் கீழே உள்ள முன்கை.

முன்கையில் ரேடியஸ், அல்னா என இரண்டு எலும்புகள். உள்ளங்கையைக் கவிழ்த்தால், கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸ் அல்னாவுக்குக் குறுக்கே போய்விடும். நிமிர்த்தினால் இரண்டும் பக்கத்து பக்கத்தில் வந்து நிற்கும்.

வலது கையால் முடுக்குவது நிமிர்த்தும் திருப்பம். லேசாகத் திருப்ப சுபினேட்டர் என்ற சின்ன தசையே போதும். ஸ்க்ரூ இறுகினால் பைசெப்ஸ் களத்தில் இறங்கும். ஆனா இங்கதான் சிக்கல். பைசெப்ஸ் முழங்கையையும் சேர்த்து மடக்கும். அப்படி மடங்கினால் ஸ்க்ரூடிரைவர் நழுவிடும். அதைத் தடுக்க மேற்கையின் பின்னாலுள்ள ட்ரைசெப்ஸ் அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். திருகும்போது இன்னொரு கையால் அங்கே தொட்டுப் பாருங்க, இறுகுவது தெரியும்.

முழங்கை 90 டிகிரி மடங்கியிருந்தால் பைசெப்ஸின் திருப்பும் பலம் அதிகம். கையை நீட்டிக்கிட்டு முடுக்கினால் குறையும்.

கழற்றுவது கவிழ்க்கும் திருப்பம். ப்ரோனேட்டர் டெரீஸ், ப்ரோனேட்டர் குவாட்ரேட்டஸ் தசைகளின் வேலை அது. பிரெஞ்சுக்காரர்களோடு புதுச்சேரிக்கு வந்த பெத்தாங்க் விளையாட்டில் இரும்புக் குண்டை உள்ளங்கை கவிழ்த்துப் பிடிப்பதும் இவற்றால்தான்.

வெயிட் தூக்கும்போது முழங்கையின் முன்பக்கம் 'பட்'டென்று சத்தம் கேட்டு, அப்புறம் கை மடங்குது, ஆனா ஸ்க்ரூ முடுக்க பலமில்லை என்றால் பைசெப்ஸின் தசைநாண் அறுந்திருக்கலாம். மடக்குவதற்கு பிராக்கியாலிஸ் என்ற வேறு தசை இருப்பதால் பலரும் சுளுக்கு என்று விட்டுவிடுவார்கள். நாளானால் நாண் மேலே சுருங்கி, ஆபரேஷன் சிரமமாகும். ஓரிரு நாளிலேயே எலும்பு டாக்டரிடம் காட்டணும்.