சொல்தா தாத்தாவும் ஜூலை 13 ராத்திரியும்

அமெரிக்காவில் சிலர் முதுகில் 22 பவுண்டு மூட்டையோடு கூட்டமாக நடக்கிறாங்க மக்களே. அங்கே முன்னாள் படைவீரர்களில் தினம் சுமார் 22 பேர் தற்கொலை செய்துகொள்வதாக 2012-க்கான ஓர் அரசு அறிக்கை மதிப்பிட்டது (பிறகு வந்த கணக்குகளில் எண்ணிக்கை குறைவு). அந்த எண்ணைத்தான் சுமக்கிறார்கள்.

ஆணி பிடுங்குவதற்கு நடுவில் இதைப் படித்ததும், மேட்டுப்பாளையத்தில் எங்க தெரு சொல்தா தாத்தா ஞாபகம் வந்துட்டார்.

வெளியூர்க்காரர்களுக்காக: சொல்தா என்றால் பிரெஞ்சுப் படையில் இருந்த நம்மாள். புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் கைமாறியது. சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அந்தக் காலத்தில் இந்தோசீனா, அல்ஜீரியா என்று பிரான்சின் போர்களுக்கு நம்ம ஊர்த் தமிழர்களும் போனார்கள்.

கடற்கரைச் சாலையில் 1938-ல் திறந்த நினைவுச்சின்னம், முதல் உலகப்போரில் செத்தவங்களுக்கு. உயிரோட திரும்பினவங்களுக்கு? ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள். அதற்கு முந்தின ராத்திரி சொல்தாக்கள் விளக்கேந்தி ஊர்வலம் போவது இங்கே வழக்கம்.

தாத்தா அதை ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. "பென்ஷன் எவ்ளோ தாத்தா?"ன்னு பசங்க நாங்க கேட்டிருக்கோம். அல்ஜீரியாவில் என்ன பார்த்தீங்கன்னு தெருவில் ஒருத்தரும் கேட்டதில்லை. கூட நடக்கிற சொல்தாவுக்கு அதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அதுக்காகத்தான் போனாரோ என்னவோ. இப்போ அவர் இல்லை.

அமெரிக்கர்களின் மூட்டை கண்ணுக்குத் தெரியுது. தாத்தாவோடது எங்களுக்குத் தெரியலை.

உங்க தெருவிலும் ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் இருப்பார். பென்ஷனை விட்டுட்டு வேற ஏதாவது கேளுங்க.