சேர்வராயன் மலையிலிருந்து பார்த்தால்: தொலைநிலைக் கல்வித் தரத்தின் வரலாறு

முன்னுரை

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 1917இல் தொடங்கப்பட்ட மான்ஃபோர்ட் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகளில் படிக்க வெளியூர்ப் பிள்ளைகள் இம்மலைக்கு வருகிறார்கள். மலையிலேயே பிறந்த மலையாளிப் பழங்குடி இளைஞர்களோ உயர்கல்விக்குச் சமவெளியை நாட வேண்டியிருக்கிறது. வேலையையும் வீட்டையும் விட்டுவர முடியாதவர்களுக்குத் தொலைநிலைக் கல்வியே கைகொடுக்கிறது. அக்கல்வியின் தரத்தை உறுதிசெய்யும் முயற்சிகள் வளர்ந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்முயற்சிகள் நிறுவனத்தை அளந்த அளவுக்கு, கற்பவரைச் சென்றடைந்ததை அளக்கவில்லை என்பதே இதன் கருதுகோள்.

அஞ்சல்வழிக் காலம்

இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரை 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் இவ்வழியில் இறங்கின. அச்சிட்ட பாடம் தபாலில் வரும், விடுமுறை நாள்களில் நேர்முக வகுப்பு நடக்கும், முடிவில் தேர்வு. பாடத்தை எழுதியதும், தேர்வை நடத்தியதும், தரம் சரியென்று சொன்னதும் ஒரே பல்கலைக்கழகம்தான். வெளியிலிருந்து சரிபார்க்கத் தனி அமைப்பு அப்போது இல்லை.

சட்டமும் நீதிமன்றமும்

1985 ஒரு திருப்புமுனை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டில் உருவானது. தொலைநிலையில் வழங்கும் முதல் பட்டத்துக்கான குறைந்தபட்சத் தர விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழுவும் அதே ஆண்டில் வெளியிட்டது. 1991இல் தொலைநிலைக் கல்வி மன்றம் அமைந்தது. ஆனால் அம்மன்றம் இயங்கியது அந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ். சரக்கை விற்பவரிடமே தராசையும் கொடுத்தது போன்ற ஏற்பாடு அது. தனி ஒழுங்காற்று அமைப்பு வேண்டும் என்று என்.ஆர். மாதவ மேனன் குழு பரிந்துரைத்தது. 2013இல் மன்றம் கலைக்கப்பட்டு, பொறுப்பு மானியக் குழுவிடம் வந்தது.

இதற்கிடையில் சேலத்தில் 1997இல் பெரியார் பல்கலைக்கழகமும், மாநில அளவில் 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பெரியார் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்புகளையும் தொடங்கியதால் மலைவாழ் மாணவருக்கு வாய்ப்பு அருகில் வந்தது. வாய்ப்பு பெருகிய வேகத்துக்குக் கண்காணிப்பு ஈடுகொடுக்கவில்லை. இளநிலைப் பட்டம் இல்லாமலே திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் 1985 விதிகளுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களும் 2017 நவம்பரில் சிக்கலுக்குள்ளாயின. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவர்கள் தேர்வெழுதித் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. நிறுவனங்கள் செய்த பிழைக்கு மாணவர்கள் தங்கள் ஆண்டுகளை விலையாகக் கொடுத்தார்கள்.

இணையவழிக் காலம்

2020ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகள் தொலைநிலைக் கல்வியையும் இணையவழிக் கல்வியையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தன. தொலைநிலைப் படிப்பு நடத்தத் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையின் (நாக்) மதிப்பீட்டில் 4க்கு 3.01 புள்ளி பொதுத் தகுதியாயிற்று. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அகத் தர உறுதி மையம் அமைக்க வேண்டும். ஒரு மதிப்பலகு என்பது 30 மணி நேரக் கற்றல். இணையப் பாடத்தில் காணொளி, பாடக்குறிப்பு, கலந்துரையாடல், மதிப்பீடு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். முந்தைய விதிகளைவிட இவை கற்பவரை நெருங்கி வந்தன என்பதில் ஐயமில்லை.

மலைமேல் ஒரு சோதனை

இவ்விதிகளை மலைக் கிராமத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொதுவாக ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடு. மாணவர் கையால் எழுதி அனுப்பிய ஒப்படைப்பின் ஓரத்தில், "இந்தக் காரணம் போதாது, இன்னொரு சான்று தருக" என்று ஆசிரியர் எழுதும் ஒரு வரி அவருக்குக் கிடைக்கும் நேரடிப் போதனை. தாள் வெறும் மதிப்பெண்ணுடன் வந்தாலோ, தேர்வு முடிந்தபின் வந்தாலோ, அந்தப் பாடத்தில் கற்பித்தல் நடக்கவில்லை என்றே பொருள்.

காலமும் இடிக்கிறது. இறுதித் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. ஏற்காட்டுத் தோட்டங்களில் அராபிக்கா காப்பிப் பழம் பறிப்பதோ நவம்பர் முதல் ஜனவரி வரை. கூலி கிடைக்கும் பருவமும் தேர்வுப் பருவமும் ஒன்றாகி விடுகின்றன. மலைமடிப்புகள் கைப்பேசி அலைகளை மறைக்கும் இடங்களில் காணொளி வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

பள்ளிக் கல்வியில் தமிழகம் இதற்கு ஒரு விடை கண்டது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்களை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. ஆனாலும் 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் குடியிருப்புகளுக்கே சென்று கற்பிக்க வேண்டியிருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பதே அதன் பாடம்.

முடிவுரை

அறுபது ஆண்டு வரலாற்றில் தர உறுதி என்பது ஒப்புதல், சட்டம், புள்ளி என்று வளர்ந்திருக்கிறது. இவை தேவையானவை, போலிகளிடமிருந்து மாணவரைக் காப்பவை. எனினும் போதுமானவை அல்ல. திருத்திய ஒப்படைப்பு எத்தனை நாளில் திரும்பியது, தேர்வு மையம் கற்பவரின் ஊரிலிருந்து எவ்வளவு தொலைவு, இணைய இணைப்பின்றிப் பாடத்தைப் படிக்க வழியுண்டா, ஐயம் கேட்க அருகில் ஆளுண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆண்டுத் தர அறிக்கையில் பகுதிவாரியாக விடை சொல்ல வேண்டும். அந்தக் கணக்கைச் சேர்வராயன் மலை போன்ற பகுதிகளிலிருந்து தொடங்குவதே நியாயம்.